கல்முனைக்கும் கொழும்புக்கும் நடுவே: ஒரு தொலைவின் வரலாறு

கொழும்பு எவ்வளவு தூரம் என்று கல்முனைக் கரையில் கேட்டால் மணிக்கணக்கில்தான் பதில் வரும். இஷாவுக்குப் பிறகு பஸ் ஏறினால் சுபஹுக்குக் கொழும்பு என்பதே இங்குள்ள அளவு. நிலப்படத்தில் கோல் வைத்து நேராக அளந்தால் கிடைப்பது சுமார் 225 கிலோமீட்டர். இலங்கைத் தீவின் அதிகபட்ச அகலமும் ஏறத்தாழ அதுதான். மேற்குக் கரையில் கொழும்பும் கிழக்கே சங்கமன்கண்டி முனைக்குச் சற்று வடக்கே கல்முனையும் அந்த அகலத்தின் இரு ஓரங்களில் கிடக்கின்றன. ஆனால் தரைவழியாக எந்த வீதியை எடுத்தாலும் கணக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டிவிடும், நேரம் எட்டு மணியை ஒட்டி நிற்கும். இதே கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து மாலைத்தீவின் மாலே ஏறத்தாழ 775 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரத்தில் விமானம் அங்கே இறங்கிவிடுகிறது. டோஹாவுக்கு ஐந்து மணி நேரம் போதும். நிந்தவூரிலிருந்தோ மருதமுனையிலிருந்தோ கட்டாருக்குத் தொழிலுக்குப் புறப்படும் ஒருவர், வளைகுடாவுக்குப் பறந்து போகும் நேரத்தைவிடச் சொந்த நாட்டின் அகலத்தைக் கடக்கவே அதிக நேரம் செலவிடுகிறார். இந்தத் தொலைவை இயற்கை தந்ததாக எடுத்துக்கொள்வது வழக்கம். வரலாற்றைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. பாதைகளை யார், எந்தத் தேவைக்காக, எந்தத் திசையில் இழுத்தார்கள் என்பதிலிருந்து பிறந்த தொலைவு இது. விமானம் வந்தபிறகும் அது குறையாமல் போனதற்கு, ஓடுதளங்களும் அதே கணக்கில் வைக்கப்பட்டதுதான் காரணம்.

விமானக் கணக்கை முதலில் பார்ப்போம். கொழும்புக்குத் தெற்கே உள்ள இரத்மலானையிலிருந்து மட்டக்களப்பு விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 220 கிலோமீட்டர். கட்டுநாயக்கவிலிருந்து சுமார் 205. ஏர் சிலோன் 1947 டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குப் பறக்கவிட்ட டக்கோட்டா மணிக்கு 270 கிலோமீட்டரை ஒட்டிய வேகம் கொண்டது. அதில் இந்தத் தூரம் முக்கால் மணிக்குச் சற்றே கூட. இன்று உள்நாட்டில் பறக்கும் ஒற்றை இயந்திர செஸ்னா காரவன் மணிக்கு 300ஐத் தாண்டும். ஏறவும் இறங்கவும் பிடிக்கும் நேரத்தைச் சேர்த்தால் அதுவும் முக்கால் மணிதான். ஆக, இந்தத் தூரத்தைப் பறந்து கடக்கும் நேரம் முக்கால் நூற்றாண்டாக ஏறக்குறைய மாறவே இல்லை. ஆனால் பயணி ஓடுதளத்தில் குடியிருப்பவர் இல்லை. கல்முனையிலிருந்து மட்டக்களப்பு நகரம் 40 கிலோமீட்டரை ஒட்டிய தூரம். அதற்கு ஒரு மணி நேரம். முன்கூட்டியே போய் நிற்க இன்னொரு மணி. கட்டுநாயக்கவில் இறங்கிக் கோட்டைக்கோ மருதானைக்கோ போக மேலும் ஒரு மணி. வாசலிலிருந்து வாசல்வரை கூட்டினால் நாலு மணி நேரத்தை ஒட்டும். அது பஸ்ஸின் நேரத்தில் பாதி, பத்தில் ஒன்றன்று. அந்தப் பாதியும், நாம் போக வேண்டிய நாளில் போக வேண்டிய பொழுதுக்கு விமானம் இருந்தால்தான் கிடைக்கும். நாள்தோறும் பல வேளைகளில் பறக்காத ஒரு சேவையின் பயண நேரத்தை நிமிடத்தில் சொல்வது பாதி உண்மைதான்.

இந்தக் கரை எப்போதும் கொழும்பைப் பார்த்து வாழ்ந்ததும் இல்லை. ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் 1602இல் மட்டக்களப்பில் இறங்கி, விந்தனை என்று நம்மவர் சொல்லும் மகியங்கனை வழியாகக் கண்டி அரசனைக் காணப் போனான். கண்டி இராச்சியத்துக்குக் கடலைத் தொடும் வாசல் இந்தக் கரைதான். மேற்கே கொழும்பு அந்நியர் கையில் இருந்தது. 1626இல் போர்த்துக்கீசர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டியின் செனரத் மன்னன் அவர்களில் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று போர்த்துக்கீசப் பாதிரியார் குவேரோஸ் எழுதியிருக்கிறார். அதற்கு முன்பே முஸ்லிம்கள் இங்கு வாழ்ந்தார்கள். ஆனால் அந்தக் குடியேற்றம் கரைக்கும் மலைக்கும் இடையிலான பாதைக்கு மேலும் உயிர் கொடுத்தது. உப்பு, கருவாடு, துணி மேலே போகும். பாக்கு, மிளகு, தேன், மெழுகு கீழே வரும். பொதிமாடுகளை வரிசையாகப் பூட்டி நடத்திய தவளம்தான் அந்த வழிகளின் வண்டி. காடும் ஆறும் கடந்து மாட்டின் நடைக்கு நாட்கணக்கில் போகும் பயணம் அது என்றாலும், அந்த நாட்களின் முடிவில் சந்தையும் அரசனும் இருந்தார்கள். தலைநகரம் கண்டியாக இருந்தவரை இந்தக் கரை ஒரு நாட்டின் முன்வாசல்.

ஆங்கிலேயர் 1815இல் கண்டியைப் பிடித்ததும் வாசல் திசை மாறியது. தவளத் தொழில் உடனே அழிந்துவிடவில்லை. வெல்லசப் பகுதியில் தவள வணிகத்தாருக்கு முகாந்திரம் என்ற தலைவராக ஹாஜி மரிக்கார் என்ற முஸ்லிம் ஒருவரை ஆங்கில ஆட்சி நியமித்ததும், அதனால் சிங்களத் தலைவர்களின் அதிகாரம் குறைந்ததும் 1817–18 ஊவாக் கிளர்ச்சியின் உடனடிக் காரணங்களில் ஒன்றாக எழுதப்படுகிறது. ஒரு பொதிமாட்டுப் பாதையின் பொறுப்பு யாருக்கு என்ற கேள்வி ஒரு நாட்டையே கொளுத்தும் அளவுக்கு அந்தப் பாதை கனமானதாக இருந்தது என்பதை இதிலிருந்து காணலாம். பிறகு வந்த வீதிகளும் தண்டவாளங்களும் கோப்பிக்கும் தேயிலைக்கும் ஆனவை. கொழும்பு–கண்டி ரயில் 1867இல் ஓடத் தொடங்கியது. மலைத் தோட்டங்களிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்குவதே அந்தப் பாதையின் நோக்கம். மலையின் கிழக்குச் சரிவில் இறங்கி நெல்வயல்களையும் மீன்பிடிக் குடிகளையும் தொடுவதில் அரசுக்கு வருமானம் இல்லை. கண்டி இப்போது கொழும்பின் பின்கட்டு ஆனது. கண்டியின் முன்வாசலாக இருந்த இந்தக் கரை, அந்தப் பின்கட்டுக்கும் பின்னால் தள்ளப்பட்டது.

அக்காலத்தில் மேற்கே போக விரும்பிய கரையோரத்தாருக்குக் கடல்வழி ஒன்று இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லேடி ஹெவலொக், லேடி கோர்டன் என்ற இரண்டு நீராவிக் கப்பல்கள் தீவைச் சுற்றி ஓடி மட்டக்களப்பையும் தொட்டன. மட்டக்களப்புக்கு ஆழ்துறை கிடையாது. கப்பல் வெளியே நிற்கும். வள்ளத்தில் போய் ஏற வேண்டும். வாடைக் காற்று வீசும் மாரிக் காலத்தில் அதுவும் ஆபத்து. தரையில் தடை இன்னும் நெருக்கமானது. கிழக்கே எழுவான்கரைக்கும் மேற்கே படுவான்கரைக்கும் நடுவே சுமார் 56 கிலோமீட்டர் நீளத்துக்கு மட்டக்களப்பு வாவி கிடக்கிறது. கல்முனையும் மருதமுனையும் காத்தான்குடியும் கடலுக்கும் வாவிக்கும் இடையிலான ஒடுங்கிய மணல் திடலில் அமைந்தவை. வடக்கே போனால் கல்லடியில் நீர். மேற்கே போனால் தோணி. கல்லடிப் பாலம் 1924இல் கட்டப்பட்டு, ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரால் லேடி மனிங் பாலம் ஆனது. அந்தப் பாலம் திறந்த நாளே இந்தக் கரையின் பயண வரலாற்றில் மிகப் பெரிய நாள் என்று தயங்காமல் சொல்லலாம். ஓடத்துறையில் காத்திருந்த மணிகளை ஒரே நாளில் அது நிமிடங்களாக்கியது. பின்னால் வந்த எந்த விமானமும் இந்தக் கரை மக்களுக்கு அவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தித் தரவில்லை. ஆனால் அது ஒரே ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பாலம். அடுத்த பாலம் 2013 மார்ச்சில்தான் வந்தது. நடுவே 89 ஆண்டுகள், பஸ்ஸும் லொறியும் நோயாளி வண்டியும் மறுகரை வெறிக்கும்வரை ஒதுங்கி நின்றன.

ரயில் 1928இல் மட்டக்களப்பை அடைந்தது. அடைந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். கொழும்பிலிருந்து பொல்காவலை, மாகோ, பொலன்னறுவை, வாழைச்சேனை என்று வடக்கே வளைந்து சுமார் 350 கிலோமீட்டர் ஓடி வருகிறது அந்தப் பாதை. நேர்கோட்டில் சுமார் 220 கிலோமீட்டரில் உள்ள இடத்துக்கு இத்தனை சுற்று. மட்டக்களப்போடு தண்டவாளம் நின்றுவிட்டது. கல்முனைக்கோ அக்கரைப்பற்றுக்கோ பொத்துவிலுக்கோ ஒரு மைல்கூட நீளவில்லை. நீட்டப்போவதாக அவ்வப்போது பேச்சு எழும், அடங்கும். வீதியைப் பார்த்தாலும் அதே கதை. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்பு போகும் ஏ4 வீதி சுமார் 430 கிலோமீட்டர். நாட்டிலேயே நீளமான வீதி. இந்தக் கரைக்குத் தலைநகரோடு உள்ள பிரதான வீதி நாட்டின் நீளமான வீதியாக இருப்பது பெருமைக்குரிய செய்தி இல்லை.

இந்த இடத்தில்தான் ஓடுதளங்கள் கதைக்குள் வருகின்றன. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. இங்கினியாகலையில் அமெரிக்க நிறுவனமான மொரிசன் நட்சனைக் கொண்டு அணை கட்டி, சேனாநாயக்க சமுத்திரத்தை உருவாக்கி, பள்ளத்தாக்கில் குடியேற்றம் நடந்தது. உஹனவில் உள்ள ஓடுதளம் அந்தப் பள்ளத்தாக்கின் ஓடுதளம். கல்லோயா என்ற பெயரிலேயே ஏர் சிலோனின் உள்நாட்டு இடங்களின் வரிசையில் அது இருந்தது. கல்முனையிலிருந்து நேர்கோட்டில் அது சுமார் 25 கிலோமீட்டர்தான். மட்டக்களப்பு ஓடுதளத்தைவிட அருகே உள்ளது. இருந்தும், கரையோரத்தார் அதைத் தங்கள் விமான நிலையமாக நினைத்ததற்கான அடையாளத்தைக் கரையின் பேச்சிலோ பழக்கத்திலோ காண முடியவில்லை. அணையும் வாய்க்காலும் குடியேற்றமும் எங்கே இருந்தனவோ அங்கேதான் அதன் வாசல் திறந்தது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டபோதும் அதே தர்க்கம். மாவட்டத்தின் மக்கள் அடர்த்தி கரையில். கச்சேரி உள்நாட்டில், அம்பாறை என்ற புதிய குடியேற்ற நகரத்தில். நெல்லுக்கு நீர்வரியோ காணிக்கு உறுதியோ எந்த அலுவலானாலும் கரையிலிருந்து மேற்கே போக வேண்டும். காரைதீவிலிருந்து அம்பாறை போகும் வீதியில் மாவடிப்பள்ளித் தாம்போதி மாரியில் மூழ்கும். கல்முனையிலிருந்து படுவான்கரைக்குப் போகும் கிட்டங்கித் தாம்போதியும் மூழ்கும். 2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் மதரஸா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் வெள்ளத்தில் கவிழ்ந்து பிள்ளைகள் மாண்டார்கள். நிந்தவூரிலிருந்து விடுமுறைக்குச் சம்மாந்துறை வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள். நிந்தவூருக்கும் சம்மாந்துறைக்கும் இடையே உள்ள தூரம் எந்த நிலப்படத்திலும் விரல் அகலம் இராது.

மட்டக்களப்பு விமான நிலையம் 1958இல் திறக்கப்பட்டது. அதுவும் வாவிக்கு மேற்கே, புதூர்–திமிலைதீவுப் பக்கத்தில். கல்முனையிலிருந்து போகிறவர் கல்லடிப் பாலத்தில் காத்திருந்து, நகரைக் கடந்து, வாவியின் மறுபுறம் போக வேண்டும். அக்காலத்தில் அதில் ஏறியவர்கள் யார் என்பதைப் பயணத்தின் தன்மையிலிருந்தே ஊகிக்கலாம். கொழும்பிலிருந்து ஆய்வுக்கு வந்துபோகும் அதிகாரிகள், பொறியியலாளர்கள், பாராளுமன்றம் போகும் உறுப்பினர்கள், வசதியுள்ள சில வியாபாரிகள். மருதமுனையின் நெசவாளி தறிச் சாரனைப் பொதியாகக் கட்டிப் புறக்கோட்டைக்கு அனுப்பினார். சம்மாந்துறையின் அரிசி லொறியில் போனது. இவர்களின் பயணம் பொருளோடு சேர்ந்த பயணம். இருபது கிலோவுக்கு மேல் ஏற்ற விடாத சின்ன விமானம் இந்தக் கரையின் வாணிபத்துக்கு உதவாது. தவளத்தின் பேரப்பிள்ளை லொறிதான், விமானமன்று. 1978 செப்டெம்பர் 7ஆம் திகதி இரத்மலானையில் ஏர் சிலோனின் அவ்ரோ விமானம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப்போட்டது. ஏர் சிலோன் மூடப்பட்டு, 1979 செப்டெம்பரில் பறக்கத் தொடங்கிய ஏர் லங்கா வெளிநாட்டு வழிகளையே தன் தொழிலாகக் கொண்டது. இங்கிருந்து வளைகுடாவுக்கு ஆட்கள் பெருவாரியாகப் போகத் தொடங்கிய காலமும் அதுவே. கரையின் மக்கள் விமானத்துக்குப் பழகிய அதே வேளையில், கரைக்கு வரும் விமானம் நின்றுபோனது.

இவ்வளவுக்கும் யுத்தமே காரணம் என்று சொல்வோர் உண்டு. 1983இல் விமானப்படை மட்டக்களப்பு ஓடுதளத்தை எடுத்துக்கொண்டது. உஹனவும் விமானப்படைத் தளம். வீதிகள் மூடின, ரயில் நின்றது. இதை யாரும் மறுக்க முடியாது. 1990 ஜூலையில் ஹஜ்ஜை முடித்து ஜித்தாவிலிருந்து நாடு திரும்பிய காத்தான்குடி ஹாஜிகள், கல்முனை வழியாக வீட்டுக்குப் போகையில் குருக்கள்மடத்தில் கடத்திக் கொல்லப்பட்டார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டரை வானில் கடந்து வந்தவர்களுக்குக் கடைசிச் சில மைல் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். அதே ஆகஸ்டில் வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள். பக்கத்து ஊருக்குப் போவதே உயிரைப் பணயம் வைக்கும் பயணமாக இரு சமூகத்தாருக்கும் இருந்த ஆண்டுகள் அவை. யுத்தம் தூரத்தைப் பன்மடங்காக்கியது என்பது உண்மை. ஆனால் அது தூரத்தைப் படைக்கவில்லை. 1928இல் தண்டவாளம் மட்டக்களப்போடு நின்றபோது யுத்தம் இல்லை. 1961இல் கச்சேரி உள்நாட்டுக்குப் போனபோதும் இல்லை. கல்லடியில் இரண்டாவது பாலம் கட்டாமல் விட்ட ஐம்பது ஆண்டு அமைதிக் காலத்தையும் யுத்தத்தின் கணக்கில் எழுத முடியாது. யாழ்ப்பாணத்தோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். அங்கே தரைவழி அடைபட்டபோது பலாலி–இரத்மலானை விமானம் பொதுமக்களின் உயிர்ப்பாதையாக ஓடியது. 1998 செப்டெம்பரில் லயன் எயார் விமானம் மன்னார்க் கடலுக்கு மேல் 55 பேரோடு அழிந்த பின்னரும் அந்த வழியின் தேவை மறையவில்லை. கிழக்குக் கரைக்கு யாரும் அப்படி ஒரு வழியைத் திறந்துவைக்கவில்லை. மகியங்கனையின் பதினெட்டு வளைவு வழியாகக் கண்டிக்கு ஏறிய பஸ்தான் இந்தக் கரையைப் பிடித்துவைத்தது. பழைய தவளப் பாதையின் திசையும் அதுதான்.

யுத்தக் காலத்தில் கொழும்புக்கும் இந்தக் கரைக்கும் நடுவே பறந்தவை படை விமானங்களும் ஹெலிகொப்டர்களுமே. அவற்றில் ஏறும் உரிமை அதிகாரத்தில் இருந்தோருக்கு. முஸ்லிம் காங்கிரஸின் தாபகர், துறைமுகங்கள் அமைச்சர் எம். எச். எம். அஷ்ரப், 2000 செப்டெம்பர் 16ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பாறைக்குப் புறப்பட்டபோது ஏறியதும் விமானப்படையின் ஹெலிகொப்டரில்தான். அரநாயக்கவின் ஊரகந்த மலையில் அது மோதி அவரும் உடன் சென்றவர்களும் மாண்டார்கள். இந்தக் கரை தன் வாழ்நாளில் பெற்றெடுத்த பெருந்தலைவர் ஒருவர், கரைக்கும் தலைநகருக்கும் நடுவே உள்ள மலையில் இறந்தார். அவர் அரசியலின் நடுப்பொருளே இந்தத் தொலைவு என்று வாசிக்க இடமுண்டு. படிப்புக்குக் கொழும்பும் பேராதனையும் போக வேண்டியிருந்த பிள்ளைகளுக்கு ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். கொழும்புத் துறைமுகத்தை நம்பியிருந்த கரைக்கு ஒலுவிலில் துறைமுகம் என்ற எண்ணம். மக்களைத் தலைநகருக்கு அனுப்புவதற்குப் பதிலாக, தலைநகரில் மட்டுமே கிடைத்தவற்றைக் கரைக்குக் கொண்டுவரும் வழி அது. பல்கலைக்கழகம் நிலைத்தது. 2013 செப்டெம்பரில் திறந்த துறைமுகமோ மணல் மூடி முடங்கியது. அதன் அலைதடுப்புச் சுவர்களுக்கு வடக்கே கடல் கரையை அரித்துத் தென்னந்தோப்புகளை விழுங்கியது. எண்ணம் சரியானதாக இருந்தும் கரையின் மணலோட்டத்தைக் கணக்கில் எடுக்காமல் கட்டினால் நேர்வது இது.

அமைதிக்குப் பின் மட்டக்களப்பு ஓடுதளம் திருத்தப்பட்டு 2016 ஜூலையில் சிவில் விமானங்களுக்குத் திறக்கப்பட்டது. 2018 மார்ச்சில் சர்வதேச விமான நிலையம் என்று பெயர் பெற்றது. ஓடுதளத்தின் நீளம் ஒன்றரைக் கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். வளைகுடா போகும் பெரிய விமானம் இறங்க அது போதாது. பத்துப்பேர் அளவில் ஏற்றும் செஸ்னாக்களே வந்துபோயின. உல்லாசப் பயணிகளின் பருவத்துக்கும் பணப்பைக்கும் ஏற்ற சேவை அது. தெற்கே மத்தளையில் 2013 மார்ச்சில் பெரும் செலவில் திறந்த விமான நிலையத்துக்கு நீளமான ஓடுதளம் உண்டு, விமானங்கள் மிகக் குறைவு. கட்டுநாயக்கவைவிட மத்தளை இந்தக் கரைக்கு அருகே. வளைகுடா போகும் கிழக்குக் கரைத் தொழிலாளரைக் கணக்கில் எடுத்துச் சேவைகளைத் திட்டமிட்டிருந்தால் அதற்கு ஒரு பயன் இருந்திருக்கும். அந்தக் கணக்கை எடுக்க யாரும் முன்வரவில்லை.

இனி எழும் எதிர்வாதம் கனமானது. இருநூறு கிலோமீட்டருக்கு விமானம் விடுவது எங்குமே இலாபம் தராது, எரிபொருளின் பெரும்பங்கு ஏறுவதிலேயே போய்விடும், சூழலுக்கும் கேடு, பிரான்ஸ் 2023இல் சில குறுந்தூர விமானங்களைத் தடையே செய்துவிட்டது என்பார்கள். சரிதான். ஆனால் பிரான்சின் சட்டம் இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போக வாய்ப்புள்ள வழிகளையே தடுக்கிறது. கல்முனைக்கு ரயிலே கிடையாது. ஸ்கொட்லாந்தின் ஓர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரேக்கும் பாப்பா வெஸ்ட்ரேக்கும் இடையே மூன்று கிலோமீட்டருக்கும் குறைந்த தூரத்துக்கு 1967 முதல் விமானம் ஓடுகிறது. வானில் இருப்பது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. ஆசிரியரும் மருத்துவரும் நோயாளியும் போக வேண்டும் என்பதற்காகப் பொதுப்பணம் அதைத் தாங்குகிறது. இந்தியாவில் 2017இல் பறக்கத் தொடங்கிய உடான் திட்டத்தில் ஒரு மணிநேரப் பறத்தலுக்கு 2,500 ரூபாய் என்று ஆசனங்களில் ஒரு பகுதிக்கு உச்சவரம்பு வைத்தார்கள். இழப்பை அரசு ஈடுசெய்தது. அதில் பல வழிகள் பின்னால் நின்றுபோயின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மானியம் கொடுத்தால் எல்லாம் நிலைக்கும் என்று நான் வாதிடவில்லை. விமானம் இலாபத்துக்கு மட்டும் பறக்கும் பொருள் என்ற எடுகோளைத்தான் மறுக்கிறேன். இந்தக் கரையில் அது இலாபத்துக்காகவும் பறந்ததில்லை. அணைக்காக, படைக்காக, உல்லாசப் பயணிக்காகப் பறந்தது. ஏழைக் கரை, விமானம் ஏற மக்களிடம் பணம் இல்லை என்ற வாதமும் நிற்காது. சாய்ந்தமருதிலும் அக்கரைப்பற்றிலும் விமானம் ஏறிய ஆள் இல்லாத குடும்பத்தைவிட ஏறிய ஆள் உள்ள குடும்பத்தைக் காண்பதே எளிது.

அப்படியானால் கல்முனைக்கு விமானம் வேண்டும் என்று கேட்பதா? மேலே சொன்ன வரலாறு அப்படிக் கேட்கச் சொல்லவில்லை. இந்தக் கரையின் நேரத்தை உண்மையாகவே குறைத்தவை 1924இன் பாலம், 2013இன் பாலம், திருத்திய மலைவீதி. தெற்கு அதிவேகப் பாதை 2020இல் மத்தளைப் பக்கம்வரை நீண்டதும் அந்த வரிசையில் சேரும். பொத்துவில், மொனராகலை வழியாகப் போய் அதைப் பிடித்தால் சுற்று அதிகமானாலும் நேரம் மிச்சம். ஆகவே முதலில் வர வேண்டியது மாவடிப்பள்ளியிலும் கிட்டங்கியிலும் வெள்ளத்துக்கு மேல் நிற்கும் பாலம். அதற்கடுத்தது மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் தண்டவாளம். சமதரையான மணல்கரை, மக்கள் நெருங்கிய ஊர்கள், மலையோ சுரங்கமோ குறுக்கிடாது. நாட்டில் இதைவிட எளிதாகப் போடக்கூடிய, இதைவிட அதிகம் பேர் ஏறக்கூடிய புதிய ரயில் பாதைகள் மிகச் சிலவே இருக்கும். நெல்லும் மீனும் சாரனும் அதில் ஏறும், பல்கலைக்கழகப் பிள்ளையும் ஏறுவார்.

வானவழிக்கு ஒரே ஓர் இடத்தில் மாற்று இல்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை கடல் ஏறியபோது இலங்கையில் அதிக உயிர்களைக் கொடுத்த மாவட்டம் அம்பாறை. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரையோர ஒழுங்கைகள் துடைத்தெடுக்கப்பட்டன. வீதி உடைந்து, வைத்தியசாலைகள் நிரம்பி வழிந்த அந்த நாட்களில் உஹன ஓடுதளம் நிவாரணத்துக்கு உதவியது. கரையோர மைதானங்களில் ஹெலிகொப்டர்கள் இறங்கின. அது பேரழிவு நாள். சாதாரண நாளிலோ, கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ வடக்கு ஆதார வைத்தியசாலையிலோ கையாள முடியாத நிலையில் தலையில் அடிபட்டவர், குறைமாதக் குழந்தை, இதயக் குழாய் அடைத்தவர் மட்டக்களப்புக்கோ கண்டிக்கோ கொழும்புக்கோ அம்புலன்ஸில் அனுப்பப்படுகிறார்கள். அவர்களில் ஒருவருக்கு எட்டு மணி நேரம் என்பது பயண நேரமாக இராது. உஹனவில் ஓடுதளம் இருக்கிறது, விமானப்படையிடம் வானூர்தி இருக்கிறது, கல்முனைக்கு நேர்கோட்டில் 25 கிலோமீட்டர். புதிதாகக் கட்ட ஒன்றும் இல்லை. எந்த நோயாளியை, எந்த மருத்துவரின் சொல்லில், இரவில் எத்தனை மணிக்குள் எடுத்துப் பறப்பது என்று சுகாதார அமைச்சும் விமானப்படையும் எழுத்தில் உடன்பட்டு, அந்த எழுத்தை இரு வைத்தியசாலைகளின் அவசரப் பிரிவிலும் தொங்கவிட வேண்டும். அதற்கு ஓர் ஆண்டுகூடத் தேவைப்படாது.